கொம்பையாபுரம் நீராவி நிலையம்

நானும் ஸ்டெபினும் மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்த உலகத்தில் பெட்ரோல் கிடையாது. பூமிக்கு அடியில் எண்ணெய் இருப்பது அங்கேயும் தெரியும். தோண்ட வேண்டிய அவசியம்தான் யாருக்கும் வரவில்லை. காரணம் சீமைக்கருவேலம். நிஜத்தில் அது பிந்தி வந்த மரம். எங்கள் வரலாற்றில் அதை நூறு வருடம் முன்னதாகவே கரிசல் காட்டில் இறக்கிவிட்டோம். மரம் தன் வேலையைச் செய்தது. விளாத்திகுளம் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள் அல்லவா, அந்தக் கரியில்தான் உலகத்துக் கொதிகலன்கள் எல்லாம் எரிகின்றன. லண்டனுக்கும் கரி இங்கிருந்துதான் போகிறது.

எங்கள் வண்டிகளுக்குச் சக்கரமும் கிடையாது. கரிசல் மண் நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது என்பது இந்தப் பக்கம் மழையில் சைக்கிள் தள்ளிய எவனுக்கும் தெரியும். அதனால் கால் வைத்தோம். ஆறு கால் நீராவி பஸ் கோவில்பட்டியில் புறப்பட்டு, கோடையில் நிலத்தின் வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி, மழையில் முழங்கால் சேற்றில் நடந்து ஊர் ஊராகப் போகும். பசுவந்தனையில் ஆகாயக் கப்பல் ஷெட். கடம்பூரில் நீராவியில் மாவு பிசைந்து உருட்டும் போளி பேக்டரி. ஆகாயக் கப்பல் சிப்பாய்களுக்கு வழியில் அதுதான் சாப்பாடு.

ஸ்டெபின் படம் வரைபவன். விஜயராஜ் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறான். நான் எழுதுபவன். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். காலையில் தூங்கி மத்தியானம் எழுந்து எழுதுவேன். கையில் இருப்பது இந்த ஒரு நாவல்தான். வேறு திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகம் நாவலைக் கேட்டிருந்தது. அங்கே எடிட்டர் பிரிஸ்கில்லா. நாவலை அவர் அப்புறம் பார்க்கிறேன் என்றார். முதலில் அந்த உலகத்தின் வரலாறு வேண்டும். எந்த வருடம் என்ன நடந்தது, எது நடந்ததால் எது நடந்தது, மேப்போடு. "வரலாறு நின்னா நாவல் நிக்கும். வரலாறு விழுந்தா நான் எடுக்க மாட்டேன்" என்றார்.

வரலாறு ஒரே ஒரு சம்பவத்தின் மேல் நின்றது. 1911 ஆவணி மாதம், உலகத்திலேயே பெரிய கரிக் கொதிகலன் வெடிக்கிறது. ஊரணி வற்றி, கொதிகலனில் தண்ணீர் இறங்கிப்போனது தெரியாமல் அடுப்பை எரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஊர் மொத்தமும் போகிறது. இருநூற்றுப் பதினான்கு பேர். அதனால் சர்க்கார் கரிக் கொதிகலனைத் தடை செய்கிறது. அதனால் கள்ளக் கொதிகலன்கள் வருகின்றன. அதனால் போர். அந்த ஊரில் மிஞ்சிய ஒரே குழந்தைதான் கதாநாயகன். அவன் வளர்ந்து பழிவாங்கப் புறப்படும்போது நாவல் ஆரம்பம்.

வெடிக்கும் ஊருக்குக் கொம்பையாபுரம் என்று பெயர் வைத்தோம். பசுவந்தனை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். நான் போனதில்லை. மேப்பில் அந்த இடத்தில் எழுத்துப் போட இடம் இருக்கிறது என்று ஸ்டெபின் சொன்னான். வேறு காரணம் இல்லை.

மேப்பை அவன் கடையிலேயே ஒரு தடவை அடித்துப் பார்த்தான், கலர் சரியாக வருகிறதா என்று. ரோலின் கடைசியில் மிஞ்சிய துண்டில் அடித்தான். ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக அடித்தது, சோதனைக்கு அடித்தது எதையும் தூக்கிப் போடுவதில்லை. புது பேனரைச் சுருட்டி அதன் மேல் பழையதைச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிப் போகிறவர்களும் அதை வீசுவதில்லை. வைக்கோல் படப்புக்கு மேல் போடுவார்கள், மக்காச்சோளம் காயப்போடுவார்கள். எந்தத் தலைவரின் முகத்தில் எந்த ஊர் மிளகாய் காய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

விஜயராஜ் அண்ணாச்சி எங்கள் மேப்பை ஒரு கோயில் கொடைத் திருவிழா பேனருக்கு மேல் சுற்றிக் கொடுத்தார். பேனர் கொம்பையாபுரத்துடையது.

மத்தியானம் ஸ்டெபின் போன் செய்தான்.

"ஏலே, எந்திரிச்சிட்டியா? கடைக்கு வா. உன்னத் தேடி ஆள் வந்திருக்கு."

"யாரு?"

"கொம்பையாபுரம்."

"கொம்பையாபுரத்துல யாரு?"

"யாருன்னு சொல்ல? ஒரு லோடு ஆட்டோ நெறைய வந்திருக்காவ."

போனபோது கடை வாசலில் மேப்பை விரித்து இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்து நின்றார்கள். நடுவில் சிவப்பு வட்டம், மண்டையோடு, அதற்குக் கீழே ஸ்டெபின் ரொம்ப ரசித்து வரைந்த எழுத்து: '1911. கொம்பையாபுரம் அழிந்தது. 214 பேர் பலி.' ஓரத்தில் பொடி எழுத்தில் ஊரணி வற்றிய கதையும் இருந்தது. எழுத்து நன்றாகத்தான் வந்திருந்தது.

கொடைக் கமிட்டித் தலைவர் பூவனநாதன் முன்னால் நின்றார். அறுபது வயதிருக்கும். துண்டை ஒழுங்காக மடித்துத் தோளில் போட்டிருந்தார்.

"எங்க ஊர அழிச்சது நீங்கதானா தம்பி?"

"ஆமா."

"எதுக்கு?"

"கதைக்கு அண்ணாச்சி."

"கதைக்கு வேற ஊரு கெடைக்கலயா? இந்தா பசுவந்தனை இருக்கு. அங்கன என்ன வச்சிருக்கிய?"

"ஆகாயக் கப்பல் நிறுத்துற ஷெட்டு."

"கடம்பூர்ல?"

"போளி பேக்டரி."

"குளத்தூரு?"

"உப்புத் தண்ணியில கெட்டுப்போன கொதிகலன எல்லாம் அங்கன கொண்டு போய் ரிப்பேர் பாக்குதாங்க. பெரிய ஒர்க்ஷாப்."

பூவனநாதன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "கேட்டியளா? அவனுக்கு ஷெட்டு. இவனுக்கு போளி. குளத்தூருக்கு ஒர்க்ஷாப்பு. நமக்கு மண்டையோடு."

முனையைப் பிடித்திருந்தவன், பூவனநாதனின் மருமகன் இசக்கிமுருகன், ஒரு கணக்குக் கேட்டான். "எரநூத்திப் பதினாலுன்னு போட்டிருக்கு. அப்பம் எங்க ஊர்ல அம்பது பேரு இருந்திருந்தா அதிகம். மிச்ச ஆள எங்கேருந்து கூட்டிட்டு வந்து கொன்னிய?"

"வேலைக்கு வெளியூர்லேருந்து வந்தவங்க."

"எங்க ஊருக்கா? வேலைக்கா?"

"ஆமா. பெரிய கம்பெனில்லா."

வெளியூரிலிருந்து கொம்பையாபுரத்துக்கு ஆள் வேலைக்கு வருவதை அவர்கள் ஒவ்வொருவரும் மனதுக்குள் நடத்திப் பார்ப்பது தெரிந்தது. பிறகு பூவனநாதன் துண்டை எடுத்து மறுபடியும் மடித்தார்.

"அது சரி. ஆனா கொடைக்குப் பந்தக்கால் நாட்டுற அன்னைக்கு பேனரப் பிரிச்சா மேல மண்டையோடு இருக்கு. எங்க ஊர்ப் பொம்பளைக எப்படி எடுத்துக்கிடுவாவ, சொல்லுங்க."

கூட்டத்தில் ஒரே ஒரு பெண்தான் வந்திருந்தார். ஆட்டோவின் நிழலில் நின்று மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எதுவும் பேசவில்லை.

விஜயராஜ் அண்ணாச்சிக்கு வருஷா வருஷம் அந்த ஊர் கொடை பேனர் வரும். என்னைப் பார்த்து, "பேரத்தான மாத்தணும்? மாத்திரு. உலகத்துல இல்லாத ஒரு ஊரப் போடு. நீ என்ன, சர்வே ஆபீஸா?" என்றார்.

மாற்றினேன். வெடிக்கும் ஊருக்கு எங்கேயும் இல்லாத ஒரு பெயர் வைத்து, மேப்பிலிருந்து கொம்பையாபுரத்தை எடுத்துவிட்டு மதுரைக்கு அனுப்பினேன். பிரிஸ்கில்லா இரண்டு நாளில் கூப்பிட்டார்.

"எல்லாம் நிஜ ஊரு. வெடிக்கிற ஊர் மட்டும் பொய். படிக்கும்போதே தெரியுது. மேப்புல தேடி, அட நம்ம பக்கத்து ஊராச்சேன்னு ஒருத்தனுக்குத் தோணணும். இல்லன்னா 1911-ல என்ன வெடிச்சா அவனுக்கென்ன? முன்ன இருந்தது சரியா இருந்துச்சு. ஏன் மாத்துனீங்க?"

"ஊர்க்காரங்க வந்தாங்க."

"எதுக்கு?"

"அவங்க ஊர அழிச்சதுக்கு."

அவர் அதை நான் சொல்லும் சாக்கு என்று எடுத்துக்கொண்டார். மாதக் கடைசிக்குள் வெடிக்கும் ஊர் நிஜ ஊராக வர வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருடப் பட்டியலில் நாவல் இல்லை என்றார்.

நான் பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாக யோசித்தேன். ஸ்டெபின் வேண்டாம் என்றான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கொடை உண்டு, சர்ச் அசனம் உண்டு, பேனர் உண்டு. கோவில்பட்டியையே வெடிக்க வைக்கலாம் என்றேன். "அண்ணாச்சி கடையும் போயிரும்லே" என்றான்.

அந்த நிலைமையில் கொம்பையாபுரம் மறுபடியும் வந்தது. அதே லோடு ஆட்டோ. இந்தத் தடவை பூவனநாதன் கையில் போன். புது மேப்பை ஸ்டெபின் தன் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். அது சுற்றி அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"தம்பி, எங்க ஊர எங்க?"

"எடுத்துட்டேன். நீங்கதான சொன்னிய."

"வெடிக்க வேண்டாம்னுதான் சொன்னோம். ஊரே வேண்டாம்னு சொன்னமா?" போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "பசுவந்தனை இருக்கு. அதுக்கு அங்கிட்டு உள்ள ஊரெல்லாம் இருக்கு. நடுவுல வெறுங்காடா கெடக்கு. டீக்கடையில வச்சு ஒருத்தன் என்கிட்ட கேக்கான், 'என்ன மாமா, உங்க ஊரு கதையிலயும் இல்லயாமே'ன்னு."

இசக்கிமுருகன், "மினிபஸ்ஸும் உள்ள வாரதில்ல. மெயின்ரோட்டு விலக்குலயே திருப்பிருதான். கதையிலயாவது ஒரு ஸ்டாப்பு போடுங்கண்ணே" என்றான். "ஆறு காலு இருக்குல்லா. நடந்து வரட்டும்."

"ஸ்டாப்பு இல்லலே, ஸ்டேஷன்" என்றார் பூவனநாதன்.

நான் உள்ளதைச் சொன்னேன். அந்த ஊரில் பெரிய கொதிகலன் இருந்தால்தான் ஸ்டேஷன். பெரிய கொதிகலன் இருந்தால் அது வெடித்தாக வேண்டும். வெடிக்காவிட்டால் என் புத்தகம் இல்லை. வெடிக்கிற ஊராக வேண்டுமானால் போடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் காடுதான்.

"கல்யாணப் பத்திரிகையில பேரு விட்டுப்போனாலே பத்து வருஷம் பேச்சுவார்த்தை கெடையாது" என்றார் பூவனநாதன். "நீங்க ஒரு ஊரையே விட்டிருக்கிய."

"பத்திரிகையில பேரு போட்டுட்டு, கீழ 'காலமானார்'னு போட்டா பரவாயில்லயா?" என்று ஸ்டெபின் உள்ளேயிருந்து கேட்டான். அண்ணாச்சி அவனை வேலையைப் பார்க்கச் சொன்னார்.

அப்போது ஆட்டோ நிழலில் நின்ற பெண் வந்தார். அன்று பேசாமல் நின்ற அதே ஆள். பெயர் வெள்ளைத்தாய். ஐம்பதைத் தாண்டியிருப்பார்.

"என்னைக்கு வெடிக்கி?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு."

"அது தெரியும். படிச்சேன். மாசம்?"

"ஆவணி."

"ஆவணியில என்னைக்கு?"

நாள் நான் போடவில்லை. மாதம் போதும் என்று விட்டிருந்தேன். சொன்னேன்.

"முளைப்பாரி அன்னைக்குன்னு போடு."

பூவனநாதன், "மதினி, வேண்டாம்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க." என்னிடம் திரும்பினார். "ஊரணியில தண்ணி இல்லன்னு நீதான எழுதியிருக்க. தண்ணி இல்லன்னா பாரியக் கரைக்க ஊரோட பக்கத்து ஊர்க் கெணத்துக்குத்தான் போணும். எல்லாரும் தூக்கிட்டுப் போயிருக்கோம். கம்பெனியில ஒரு ஆளு கெடையாது. அப்பம் வெடிக்கட்டும்."

"கம்பெனியில ஆள் இல்லாம எப்படி?"

"லீவு வுட்டிருக்காவ."

"அந்தக் காலத்துல அப்படியெல்லாம் லீவு..."

"உன் கதைதான? பஸ்ஸுக்கு ஆறு காலு வச்சிருக்க. ஒரு நாளு லீவு வுட முடியாதா?"

நான் விடவில்லை. "யாரும் சாகலன்னா கதை இல்லக்கா. கதாநாயகனுக்கு யாரும் கெடையாது. அநாதை. அதனாலதான் அவன் கெளம்புதான்."

"அவனுக்கு அம்மா இருக்கா. பாரி தூக்கிட்டுப் போயிருக்கா. வந்துருவா."

சொல்லிவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் ஏறினார்கள். பூவனநாதன் மட்டும் என்னைக் கடைக்குப் பக்கவாட்டில் கூட்டிப்போனார். மேற்கே ஒரு பட்டாசு யூனிட்டுக்கு அந்த ஊரிலிருந்து வேலைக்கு ஆள் ஏற்றி வேன் போய்க்கொண்டிருந்ததாம். சில வருடம் முன்னால், ஆவணியில், முளைப்பாரி அன்று லீவு கேட்டார்கள். தீபாவளி ஆர்டர் இருக்கிறது, வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று யூனிட்டில் சொல்லிவிட்டார்கள். வெள்ளைத்தாயின் மகள் பொன்மணி போனாள். திரும்பி வரவில்லை.

"அவ போட்ட பாரி வீட்டுக்குள்ள மொளச்சு நின்னுச்சு தம்பி. கரைக்க ஆள் இல்ல. மதினி அதத் தொட விடல. நின்னு நின்னு மஞ்சளா சாஞ்சு போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் முன்னால் ஏறினார். கொம்பையாபுரத்தைத் தேர்ந்தெடுத்ததே மேப்பில் எழுத்துப் போட இடம் இருந்ததால்தான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு ஷிப்ட் முடித்து வந்து தூங்கவில்லை. 1911-ஐ எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்தின ராத்திரி போட்ட கரியை அடுப்பில் அணையாமல் விட்டு, இருநூற்றுப் பதினான்கு பேரையும் கிணற்றுக்கு அனுப்பினேன். அதற்கு ஒரு வரிதான் ஆனது. அதன் பிறகு வந்த எதுவும் நிற்கவில்லை.

யாரும் சாகவில்லை என்றால் சர்க்கார் தடை செய்யாது. தடை இல்லை என்றால் கள்ளக் கொதிகலன் இல்லை, போர் இல்லை. பழிவாங்க எதுவும் இல்லாத கதாநாயகன், வெடித்த கம்பெனிக்குப் பக்கத்தில் அம்மாவோடு நிற்கிறான். மூன்று வருடத்து வேலை. சும்மா நிற்கிறான்.

ஸ்டெபினிடம் சொன்னேன். அவன் மேப்பைப் பார்த்துக்கொண்டே, "சரி, மறுநாளு என்ன நடக்கும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் நடக்காது. யாரும் சாகலல்லா. யாரும் வந்து கேக்க மாட்டான். புதுசா ஒரு கொதிகலன் வச்சு ஓட்டுவான்."

"ஊர்க்காரன்?"

"வேலைக்குப் போவான்."

"அடுத்த வருஷம் முளைப்பாரிக்கு?"

அங்கேதான் பிடி கிடைத்தது. அடுத்த வருடம் முளைப்பாரி அன்று கொம்பையாபுரத்தில் ஒருத்தனும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டான். அந்த ஒரு நாள் லீவுதான் ஊரைக் காப்பாற்றியது. அதைப் பார்த்துப் பக்கத்து ஊர் நிறுத்தும். கரிக் கப்பலில் போகிறவன் அந்தப் பழக்கத்தைக் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கொண்டுபோவான். இருபது வருடத்தில் உலகத்தில் கரிக் கொதிகலன் இருக்கிற இடத்தில் எல்லாம் ஆவணியில் ஒரு நாள் புகை இருக்காது. லண்டன்காரன் முளைப்பாரியைப் பார்த்திருக்க மாட்டான். லீவு மட்டும் தெரியும். பிறகு ஒரு வருடம் பெரிய ஆர்டர் வரும். ஆகாயக் கப்பல் கம்பெனிகள் சேர்ந்து, இந்த வருடம் லீவு கிடையாது என்று தந்தி அடிக்கும். போர் அங்கே ஆரம்பிக்கிறது.

எழுதி மாதக் கடைசிக்கு முன்னால் அனுப்பினேன். வெடித்த இடத்தில் மண்டையோட்டுக்குப் பதிலாக ஸ்டெபின் ஒரு ஸ்டேஷன் வரைந்தான். கீழே எழுத்து: '1911. கொம்பையாபுரம். அன்று விடுமுறை.'

ரோலில் மிஞ்சிய துண்டில் அவன் இன்னொன்றும் அடித்தான். 'கொம்பையாபுரம் நீராவி நிலையம்' என்று ஒரு பேனர், ஆறு கால் பஸ் படத்தோடு. அண்ணாச்சிக்குத் தெரியாமல்தான் அடித்தான். பிறகு அண்ணாச்சியே அதை மடித்து இசக்கிமுருகனிடம் கொடுத்தார். விலக்கில் வேப்பமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவில் அதைக் கட்டியிருக்கிறார்கள். அதன் நிழலில் ஆட்கள் மினிபஸ்ஸுக்கு நிற்கிறார்கள். மினிபஸ் இப்போதும் விலக்கிலேயே திரும்புகிறது. புதிதாக வந்த டிரைவர் ஒருவர் மட்டும் வண்டியை நிறுத்தி, "இங்கன ஸ்டேஷன் எப்பம் வருது? இடம் எடுத்தாச்சா?" என்று கேட்டாராம். அளந்து கல் போட்டாகிவிட்டது என்று இசக்கிமுருகன் சொல்லியிருக்கிறான்.

பிரிஸ்கில்லா கூப்பிட்டபோது நான் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வரலாறு நிற்கிறது என்றார். வரலாற்றோடு நான் அனுப்பியிருந்த முதல் மூன்று அத்தியாயத்தையும் படித்துவிட்டாராம். ஒரே ஒரு சந்தேகம்.

"ஹீரோவோட அம்மா ஒவ்வொரு அத்தியாயத்திலயும் வர்றாங்க. அவன் ஆகாயக் கப்பல்ல ஏறப் போறான், அம்மா வந்து சாப்பிட்டியாங்கிறாங்க. ரகசியக் கூட்டம் நடக்குது, கதவத் தட்டி மோர் வேணுமாங்கிறாங்க. கதையில அவங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல."

"அப்புறம் ஏன் வர்றாங்க?"

"உயிரோட இருக்காவல்லா. அதனால வாராவ."

வெட்ட வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. வெட்டலாம் என்று அவரும் சொல்லவில்லை. நாலாவது அத்தியாயத்தை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னேன்.